அறுபது லட்சம் பேரின் பல்வலி

அந்த இலையுதிர் காலத்தில் லாயிட் வென்ட்லாண்டின் மதியச் சாப்பாட்டைத் தீர்மானித்தது தேசிய நாடி ஆய்வு நிறுவனம். நிறுவனத்துக்கு இது தெரியாது. லாயிடுக்கு நன்றாகத் தெரியும்.

நிறுவனம் தினமும் காலை பதினொரு மணிக்கு ஓர் எண்ணை வெளியிடும். இன்றைக்கே ஜனாதிபதித் தேர்தல் நடந்தால் கவர்னர் ஹாலிடே அம்மையாருக்கு எத்தனை சதவீதம், செனட்டர் பிராக்டருக்கு எத்தனை சதவீதம் என்று சொல்கிற எண். 'நாட்டு நாடி' என்று அதற்குப் பெயர். லாயிடின் மனைவி டோரீன், ஹாலிடேயின் ஆள். நாடி ஒரு புள்ளி ஏறினால் வீட்டில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் ஒரே பாத்திரத்தில் கமகமவென்று வேகும். இறங்கினால் டப்பாவில் வந்த தக்காளி சூப். அசையாமல் நின்றால் இரண்டு ரொட்டிக்கு நடுவே ஒரு சீஸ் துண்டு.

"என்னடா இன்னிக்கு?" என்று நான் கேட்பேன். எங்கள் ஊரில் மதுக்கடை வைத்திருப்பவன் நான். லாயிடும் நானும் ஒரே வகுப்பில் ஒரே கணக்குப் பாடத்தில் தோற்றவர்கள்.

"சூப்" என்பான். அதற்கு மேல் நான் செய்தி பார்க்க வேண்டியதில்லை.

டோரீனைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஜூன் மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவளுக்கு, அதிர்ந்து பேசாத ஒரே ஒரு லாயிட் போதவில்லை. அலமாரிகளை மாற்றி மாற்றி அடுக்கினாள். பறவைத் தீனியைத் திருடும் அணில்களுக்குப் பெயர் வைத்துத் திட்டினாள். ஆகஸ்டில் எங்கள் லிண்டன் ஹார்பரின் கடைத்தெருவில், மூடிக் கிடந்த செருப்புக்கடையில், ஹாலிடேயின் தேர்தல் அலுவலகம் திறந்தது. டோரீன் உள்ளே போனாள். கழுத்தில் ஓர் அட்டையும் கையில் ஒரு கட்டுத் துண்டறிக்கையுமாக வெளியே வந்தாள். அன்றிலிருந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுவதுதான் வேலை. முகத்தில் பத்து வயது குறைந்துபோயிற்று. அணில்களுக்கும் நிம்மதி.

லாயிட் வேறு ரகம். பண்ணைகளிலிருந்து சீஸ் ஆலைக்குப் பால் லாரி ஓட்டியவன். எந்தக் கட்சியிலும் இல்லை. போன தேர்தல் நடந்த அதே நாளில் அவனுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். அதனால் ஓட்டுப் போடவில்லை. அதனால் நாட்டுக்கு ஏதாவது நஷ்டம் என்று யாரும் வந்து அவனிடம் சொல்லவும் இல்லை.

செப்டம்பரில் வீட்டு ஹீட்டர் மக்கர் செய்தது. பழுது பார்ப்பவன் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்ததால், லாயிட் தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுத்தான். பின்னால் லாயிட் எனக்குச் சொன்ன மொத்தக் கதைக்கும் காரணம் அந்த ஹீட்டர்தான்.

"வணக்கம் சார், தேசிய நாடி ஆய்வு நிறுவனத்திலேர்ந்து கெண்ட்ரா பேசறேன். ஒரு ரெண்டு நிமிஷம் உங்ககிட்ட..."

"சொல்லும்மா."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"ஹலோ? இருக்கியாம்மா?"

"சார்... நீங்க இன்னும் ஃபோனை வைக்கலையா?"

"வைக்கணுமா?"

"ஐயோ, வைக்காதீங்க! இதுக்கு அடுத்து என்ன கேக்கணும்னு தேடறேன் சார். இந்த இடம் வரைக்கும் நான் வந்ததே இல்ல."

கேள்வி கிடைத்தது. நூற்றுக்கு எத்தனை பங்கு ஹாலிடேக்கு, எத்தனை பங்கு பிராக்டருக்கு? லாயிட் யோசித்து, நியாயமாக, ஹாலிடேக்கு ஐம்பத்தைந்து, பிராக்டருக்கு நாற்பத்தைந்து என்றான். வயது சொன்னான். கட்சி இல்லை என்றான்.

"போன தடவை ஓட்டுப் போட்டீங்களா சார்?"

"பித்தப்பையை எடுத்தாங்கம்மா."

"அதை 'இல்லை'ன்னு போட்டுக்கறேன்." சட்டென்று அவள் குரல் மாறியது. "கிராமப்புறம், அறுபதுக்கு மேல, ஆண், கட்சி இல்ல, போன தடவை போடல... சார், அப்படியே இருங்க!"

பின்னால் யாரோ ஓடுவதும் நாற்காலி ஒன்று கவிழ்வதும் கேட்டன. கெண்ட்ரா மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். தினமும் மதியம் கூப்பிடலாமா என்று கேட்டாள். ஒரே ஒரு நிபந்தனை.

"வீட்டுல உள்ளவங்ககிட்டகூடச் சொல்லக் கூடாது சார். தேர்தலைப் பத்தி அவங்களோட பேசவும் கூடாது. பேசினா மாதிரி கெட்டுடும்."

"எந்த மாதிரி?"

"நீங்கதான் சார் மாதிரி."

"யார் மாதிரி?"

"யார் மாதிரியும் இல்ல சார். நீங்களே மாதிரி."

ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் லாயிட் சரி என்றான். 'நீ என்ன நினைக்கிறாய்' என்று அவனிடம் யாராவது கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஹீட்டர்க்காரன் கடைசிவரை கூப்பிடவேயில்லை.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் ஹாலிடேயின் ஊர்வலத்துக்காக ஆற்றுப் பாலத்தை மூடினார்கள். புகையில் வாட்டிய மீனைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, லாயிட் பாலத்துக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் வெயிலில் காத்திருந்தான். மீனின் நிலைமை மோசமாயிற்று. அன்று மதியம் கெண்ட்ரா கேட்டபோது, "அந்த அம்மாவுக்கு முப்பது போதும்" என்றான்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஹாலிடே நாடு முழுவதும் மூன்று புள்ளி சரிந்திருந்தார். தொலைக்காட்சியில் நான்கு நிபுணர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எஃகு இறக்குமதி வரி பற்றி அவர் ஒஹையோவில் பேசிய பேச்சுதான் காரணம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர் அதைப் பற்றி ஒஹையோவில் பேசாததுதான் காரணம் என்று மற்ற இருவர் சொன்னார்கள். டோரீன் சூப் டப்பாவைத் திறந்தாள்.

அடுத்த வாரம் ஹாலிடே ஒரு சந்தையில், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த சீஸ் வறுவலை வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார். துப்பவில்லை. கண்ணில் நீர் வர விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு குடுங்க" என்றார். லாயிடுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எழுபத்தைந்து கொடுத்தான். மறுநாள் ஹாலிடே நான்கு புள்ளி ஏறினார். புறநகர்ப் பெண்கள் அவர் பக்கம் திரும்பிவிட்டதாக நிபுணர்கள் அறிவித்தார்கள். வீட்டில் மாட்டிறைச்சி வெந்தது. லாயிட் முதல் வாய் எடுத்ததும் கடைவாய்ப் பல்லில் சுரீர் என்றது.

பல்வலி அன்று தொடங்கியது. மறுநாள் மதியம் உச்சத்துக்குப் போயிற்று.

"இன்னிக்கு எப்படி சார்?"

"ரெண்டு பேருக்கும் பத்துப் பத்து."

"மிச்சம் எண்பது சார்?"

"மிச்சம் பல்லுக்கு."

மறுநாள் நாட்டு நாடியில் இரண்டு வேட்பாளர்களும் சேர்ந்து விழுந்தார்கள். 'யாருக்கும் இல்லை' என்பவர்கள் வரலாறு காணாத உயரத்துக்குப் போயிருந்தார்கள். பட்டாம்பூச்சி டை கட்டிய பேராசிரியர் ஒருவர் தொலைக்காட்சியில் கைகளைக் கூப்பி, "மக்களாட்சியின் அடி ஆழத்திலிருந்து ஒரு வலி எழுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை" என்றார்.

கன்னத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்த லாயிட் தன்னையறியாமல், "கீழ்த்தாடை, இடப்பக்கம்" என்றான்.

"என்ன சொன்னே?" என்றாள் டோரீன்.

"ஒண்ணுமில்ல."

அன்று மாலைக்குள் இரு தரப்பும் மக்களின் வலியை உணர்ந்துவிட்டார்கள். பிராக்டர் தன் தாத்தாவின் ஏழ்மையைப் பற்றிப் பேசினார். ஹாலிடே தன் பிரச்சார மேலாளரை வேலையிலிருந்து நீக்கினார். அந்த மனிதர் ஒரு பூந்தொட்டியைக் கையில் ஏந்தியபடி கட்டடத்தை விட்டு வெளியே வந்து, காரை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் இங்கும் அங்கும் பார்த்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். லாயிடுக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஆளுக்கும் வீட்டில் பெண்டாட்டி இருப்பாளே.

மறுநாள் கெண்ட்ராவிடம் நேராகவே கேட்டான். "ஏம்மா, இதெல்லாம் நான்தானா?"

"என்ன சார்?"

"இந்த ஏத்தம் எறக்கம் எல்லாம். நான்தானா அது?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல சார்" என்றாள். பிறகு மெதுவாக, "பல் இப்ப எப்படி இருக்கு?" என்றாள். அதிலேயே பதில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு கறுப்புக் கார் லாயிடின் வாசலில் வந்து நின்றது. டோரீன் கதவு தட்டப் போயிருந்தாள். காரிலிருந்து இறங்கியவர் நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் ஆம்ப்ரோஸ் விட்கோம்ப். தேர்தல் காலங்களில் தொலைக்காட்சியில் தோன்றும் அதே வெள்ளைத் தாடி, அதே ஆழமான குரல். சோபாவில் உட்கார்ந்ததும் லாயிடை, பழைய கட்டடம் ஒன்றைச் சுற்றிப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார்.

"திரு. வென்ட்லாண்ட், முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒரு மனிதர் அல்ல."

"சரிங்க."

"நீங்கள் அறுபது லட்சம் பேர். கிராமப்புறம், அறுபதைத் தாண்டிய ஆண், கட்சி சாராதவர், சென்ற முறை வாக்களிக்காதவர். நாட்டில் அறுபது லட்சம் பேர் இப்படி இருக்கிறார்கள். அவர்களில் ஃபோனை எடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்."

"இன்னும் ரெண்டு பேரைப் பிடிக்கக் கூடாதுங்களா?"

"பிடித்தோம். ஒருவர் எங்களைக் கூரைக் காப்பீடு விற்பவர்கள் என்று நினைத்தார். உண்மை தெரிந்ததும் அழைப்பைத் துண்டித்துவிட்டார். இன்னொருவர் பேசினார். ஆனால் அவர் தன் முதல் மனைவியைப் பற்றி மட்டுமே பேசினார்."

லாயிட் தலையைச் சொறிந்தான். "அப்ப எனக்குப் பல் வலிச்சா அறுபது லட்சம் பேருக்கும் வலிக்குதுன்னு போட்டுருவீங்களா?"

"அறிவியல் அப்படித்தான் சொல்கிறது." விட்கோம்ப் முன்னால் சாய்ந்தார். "பலரும் எங்களைக் கேலி செய்கிறார்கள். தவறாகக் கணிக்கிறோம் என்கிறார்கள். எங்கள் நிறுவனம் இதுவரை ஒரு தேர்தலிலும் தவறியதில்லை. சில தேர்தல்களில் மக்கள்தான் எங்கள் கணிப்பை எட்டத் தவறியிருக்கிறார்கள். பிழை வரம்பு மூன்று சதவீதம் என்று நாங்கள் சொல்கிறோமே, அது எங்கள் பிழை இல்லை. நாட்டின் பிழை. நாங்கள் அதை அளந்து மட்டுமே சொல்கிறோம்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம். அது ஒழுக்கக்கேடு. ஆனால் உங்களுக்கு எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது. பாலங்களைத் தவிருங்கள். சூடாகச் சாப்பிடாதீர்கள். யாரோடும் சண்டை வேண்டாம், சமாதானமும் வேண்டாம். அந்தப் பல்லைத் தேர்தல் முடியும்வரை பிடுங்காதீர்கள்."

"ஏங்க?"

"பிடுங்கினால் உங்களுக்கு நிம்மதி வரும். அந்த நிம்மதியில் இரண்டு பேருக்கும் தாராளமாகக் கொடுத்துவிடுவீர்கள். கூட்டினால் நூறைத் தாண்டும். நூறைத் தாண்டினால் எங்களால் விளக்க முடியாது." சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "விளக்க முடியும். ஆனால் நேரமாகும்."

லாயிட் மறுநாளே பல்லைப் பிடுங்கிக்கொண்டான். அந்த அளவுக்கு அவனுக்கு நாட்டுப்பற்று இல்லை.

ஆனால் பல் போன பிறகுதான் உண்மையான வலி வந்தது. முந்தைய வீழ்ச்சியிலிருந்து ஹாலிடே இன்னும் எழவில்லை. ஒருநாள் காலை டோரீன் எண்ணைப் பார்த்துவிட்டு, கழுத்து அட்டையைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"கெளம்பலையா?" என்றான் லாயிட்.

"எதுக்கு? இந்த எண்ணைப் பாத்தியா? குளிர்ல போயி கதவைத் தட்டி, நாய்கிட்ட கடி வாங்கி... எல்லாம் முடிஞ்சுபோச்சு லாயிட். நான் போனாலும் ஒண்ணுதான், போகாட்டியும் ஒண்ணுதான்."

ஜன்னல் பக்கம் போய் அணில்களைப் பார்த்தபடி நின்றாள். திட்டவில்லை. அந்த முதுகைப் பார்க்க லாயிடுக்குச் சகிக்கவில்லை. மதியம் கெண்ட்ரா கூப்பிட்டதும் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஆய்வாளரிடம் பொய் சொன்னான்.

"ஹாலிடேக்கு நூறு."

"நூறா சார்? எதுவும் நடக்கலையே? பாலம், சீஸ், பல்..."

"நூறு. எழுதிக்கோம்மா."

மறுநாள் காலை டோரீன் கூவிய கூவல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். அட்டை கையில் இருந்தது.

"அலுவலகத்தை மூடறாங்க" என்றாள். "அதை நடத்தற, பாஸ்டன்லேர்ந்து வந்த பையன் சொல்றான், மாநிலம் நம்ம கையில இருக்காம், இனிமே கதவு தட்ட வேண்டாமாம். ஆளுங்க எல்லாரையும், இழுபறியா இருக்கற அரிசோனாவுக்கு அனுப்பறாங்களாம். எனக்குக் கை குலுக்கி நன்றி சொன்னான். பெட்டி கட்டறாங்க லாயிட்."

அன்று மதியம் லாயிட் அவசரமாக இருபதுக்கு இறங்கினான். அது இன்னும் மோசமாயிற்று. மாநிலம் கைவிட்டுப்போய்விட்டதாகவும், அதனால் கதவு தட்டிப் பயனில்லை என்றும், எல்லாரையும் அரிசோனாவுக்கு அனுப்புவதாகவும் அதே பாஸ்டன் பையன் அறிவித்தான். பெட்டி ஏற்கனவே கட்டியிருந்ததால் வேலை சுலபம்.

லாயிட் கராஜில் பழைய டயர் மேல் உட்கார்ந்து யோசித்தான். ஜெயித்தாலும் மூடுகிறார்கள், தோற்றாலும் மூடுகிறார்கள். மனைவிக்குத் தட்டக் கதவு வேண்டுமென்றால் நாடு நடுவில் நிற்க வேண்டும். கூப்பிட்ட கெண்ட்ராவிடம், "ரெண்டு பேருக்கும் அம்பது அம்பது" என்றான். அடுத்த நாளும் அதையே சொன்னான். அதற்கடுத்த நாளும்.

செருப்புக்கடையில் மறுபடி விளக்கு எரிந்தது. டோரீன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நாடு இழுபறியில் மூழ்கியது. நிபுணர்கள் நான்கு பேர் எட்டு ஆனார்கள். மேசையை மாற்ற வேண்டியதாயிற்று. இவ்வளவு அழகான சமநிலையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று விட்கோம்ப் தொலைக்காட்சியில் குரல் தழுதழுக்கச் சொன்னார். "மக்கள் மிகுந்த பொறுப்போடு இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு இருவரும் என் கடைக்கு வந்தார்கள். டோரீனின் அண்ணன் கஸ் ஏற்கனவே அங்கே பிராந்தியோடு உட்கார்ந்திருந்தான். கஸ் பிராக்டரின் ஆள்; அதைத் தொப்பியில் எழுதியும் வைத்திருந்தான்.

"என்ன தங்கச்சி, உங்க ஹாலிடே அம்மா இன்னும் ஜெயிக்கலையா?"

"உங்காளும்தான் ஜெயிக்கல. தொப்பியைக் கழட்டிட்டுச் சாப்பிடு."

"நாளைக்குப் பதினோரு மணிக்குப் பாரு. எங்காளு ரெண்டு புள்ளி ஏறுவாரு. எனக்கு எலும்புக்குள்ள தெரியுது."

"உன் எலும்புக்கு மழை வர்றதே தெரியாது. எங்க பக்கம்தான் ஏறும்."

மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்த லாயிட், "நாளைக்கும் சமமாத்தான் இருக்கும்" என்றான்.

இருவரும் ஒருசேரத் திரும்பினார்கள். "உனக்கென்ன மாப்ளே தெரியும் அரசியலைப் பத்தி?" என்றான் கஸ். "நீ சும்மா மீனைத் தின்னு."

லாயிட் மீனைத் தின்றான். அந்த அறையில், ஏன் அந்த நாட்டிலேயே, மறுநாள் எண்ணைத் தெரிந்துவைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு இன்னொரு கிண்ணம் கோஸ் சாலட் மட்டும் தேவைப்பட்டது.

இப்படியே தேர்தல்வரை போயிருக்கும். ஆனால் ஒருநாள் டோரீன் கையுறையை மறந்துவிட்டு, எடுக்கத் திரும்பி வந்தாள். கராஜ் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து புருஷன் குரல்: "உன் இருமல் இப்ப பரவாயில்லையாம்மா கெண்ட்ரா? தேன் போட்டுக் குடிச்சியா? நல்லது. நம்ம வழக்கம்தான். அம்பது அம்பது."

அவன் ஃபோனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் திரும்பினால், டோரீன் நிற்கிறாள்.

"யாரு கெண்ட்ரா?"

லாயிடுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்த பொய்யையெல்லாம் ஆய்வு நிறுவனத்திடமே சொல்லித் தீர்த்துவிட்டான். ஹீட்டரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினான். மீன், சீஸ், பல், பூந்தொட்டி ஏந்திய மனிதர், அரிசோனா. டோரீன் பக்கத்திலிருந்த புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் காலையில எந்திரிச்சு அழுதது..."

"மீனு."

"சிரிச்சது?"

"சீஸ்."

அவள் கத்துவாள் என்று லாயிட் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்காக அம்பது சொன்னே, சரி" என்றாள் கடைசியில். "ஆனா நெசமாவே உன் மனசுல என்ன? ஊரெல்லாம் போயி நான் பேசறேன். என் கூடவே நாப்பது வருஷம் இருக்கே. உனக்கு இன்னும் முடிவாகலையா?"

"ஆகல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

லாயிட் தரையைப் பார்த்தான். "நீதான் என்கிட்ட கேக்கல டோரி. இந்த ஊர்ல எல்லார் கதவையும் தட்டினே. டிராக்டர் ஓட்டற அந்தச் செவிட்டுக் கிழவன் கதவைக்கூட மூணு தடவை தட்டினே. நான் என்ன நெனைக்கிறேன்னு அந்தப் பொண்ணு மட்டும்தான் தெனமும் கேட்டுது."

டோரீன் எழுந்தாள். கையுறையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போய்விட்டாள் என்றே லாயிட் நினைத்தான். சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

திறந்தான். கழுத்தில் அட்டையும் கையில் துண்டறிக்கையுமாக டோரீன் நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது, குளிராலோ என்னவோ.

"வணக்கம் சார். என் பேரு டோரீன். கவர்னர் ஹாலிடே பிரச்சாரத்துலேர்ந்து வர்றேன். யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"உங்களுக்கு எதைப் பத்தி ரொம்பக் கவலை சார்?"

லாயிட் யோசித்தான். இப்படி ஒரு கேள்வியைக் கெண்ட்ராவும் கேட்டதில்லை. அவளிடம் எண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. "பால் பண்ணையெல்லாம் ஒண்ணொண்ணா மூடறாங்க" என்றான். "நான் பால் எடுத்த வீடுகள்ல பாதி இப்ப இருட்டாக் கெடக்கு. அதைப் பத்தி ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. அப்புறம்... என் வீட்டுக்காரி வேலையை விட்டதுலேர்ந்து சரியாத் தூங்கறதில்ல. அதுவும் ஒரு கவலை."

டோரீன் துண்டறிக்கையைப் பார்த்தாள். அதில் இதற்குப் பதில் இல்லை. "உள்ள வரலாமா சார்?" என்றாள்.

"வாம்மா. காப்பி போடறேன்."

அன்று மதியம் அவள் வேறெந்தக் கதவையும் தட்டவில்லை. இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி நேரம் தேர்தலைப் பற்றி, பாதி நேரம் வேறெதையோ பற்றி.

மறுநாள் லாயிட் உள்ளதைச் சொன்னான். "என் பொண்டாட்டி என்கிட்ட பேசிட்டாம்மா."

"ஐயோ சார்! மாதிரி கெட்டுடுச்சே!"

விட்கோம்பே லைனுக்கு வந்தார். அவர் குரல் உடைந்திருந்தது. "திரு. வென்ட்லாண்ட், என்ன காரியம் செய்துவிட்டீர்கள். ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனோடு நேருக்கு நேர் பேசி, யோசித்து, மனதை மாற்றிக்கொள்வதா? எல்லோரும் இப்படிக் கிளம்பிவிட்டால் நாங்கள் எதை அளப்பது? மன்னிக்கவும், உங்களை நீக்குகிறோம். உங்கள் பழைய பதில்களின் சராசரியை வைத்துக்கொண்டு மீதி நாட்களைச் சமாளித்துக்கொள்கிறோம். உண்மையைச் சொன்னால், உங்களைவிட அது நம்பகமானது."

கெண்ட்ரா மட்டும் கடைசியில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஒரு நாளைக்கு நானூறு பேரைக் கூப்பிடறேன் சார். என் இருமலைப் பத்தி நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

தேர்தல் நாளன்று லாயிடும் டோரீனும் நூலகத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். வெளியே வந்ததும், கையில் பட்டியலுடன் நின்ற ஒரு பெண் டோரீனை மறித்தாள்.

"மேடம், யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு சொல்ல முடியுமா? கருத்துக்கணிப்புக்காக."

டோரீனை அதுவரை எந்தக் கணிப்பும் கேட்டதில்லை. கேட்டால் என்னென்ன சொல்லலாம் என்று சமையலறையில் நின்று அவள் ஒத்திகையே பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் பேனாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"ராத்திரி எண்ணப் போறாங்கம்மா" என்றாள். "அதுவரைக்கும் பொறுத்துக்க முடியாதா?"

இரவு எண்ணினார்கள். பிராக்டர் மாநிலத்தையும் நாட்டையும் தாராளமாகவே ஜெயித்தார். டோரீன் அழுதாள். இந்த முறை அது யாருடைய மீனும் இல்லை. நிஜமாகவே எண்ணிய ஓட்டுகளுக்காக அழுத அழுகை. மறுநாள் காலை விட்கோம்ப் தொலைக்காட்சியில் தோன்றினார். தாடியை நீவிக்கொண்டு, "எங்கள் கணிப்பு, மக்கள் வாக்களிக்கத் தொடங்கும் கணம்வரை மிகச் சரியாகவே இருந்தது" என்றார். நிபுணர்கள் எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

ஆனால் எங்கள் வட்டாரத்தில், காலங்காலமாக அந்தப் பக்கம் போகாத எங்கள் சின்ன வட்டாரத்தில், ஹாலிடே பிராக்டரைவிட மூன்று ஓட்டு அதிகம் வாங்கியிருந்தார். தொலைக்காட்சி அதைச் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது பெரிய எண்ணும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை, புல்தரைகளில் நட்டிருந்த ஹாலிடே பலகைகளைப் பிடுங்கி எடுக்க டோரீன் கிளம்பினாள். லாயிட் வண்டி ஓட்டினான். கதவைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லாமலே வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து, காப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். பால் பண்ணைகளுக்காக நகரசபையில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். டோரீன் கையுறையைக் கழற்றிவிட்டு, நின்று கேட்டாள்.

என் கடை வாசலிலும் ஒரு பலகை இருந்தது. அதைப் பிடுங்கும்போது கஸ் தொப்பியோடு வெளியே வந்தான். ஜெயித்திருந்தும் அவன் முகத்தில் நிம்மதி இல்லை.

"மூணு ஓட்டு!" என்றான். "நம்ம வட்டாரத்துல! எவன்டா அந்த மூணு பேரு? நான் விடறதா இல்ல." லாயிட் பக்கம் திரும்பி விரலை நீட்டினான். "மாப்ளே, நேராச் சொல்லு. நீ யாருக்குப் போட்டே?"

லாயிட் பலகையை வண்டியில் போட்டுவிட்டு வாயைத் திறக்கப் போனான். டோரீன் முந்திக்கொண்டாள்.

"அவனைத் தொந்தரவு பண்ணாதே கஸ். அறுபது லட்சம் பேருக்காக நெனைச்சு நெனைச்சு அவன் களைச்சுப் போயிருக்கான். கொஞ்ச நாளைக்கு அவனுக்காக மட்டும் நெனைச்சுட்டு இருக்கட்டும்."

கஸ் என்னைப் பார்த்தான். வாசற்படியில் நின்றிருந்த நான், துடைத்த கண்ணாடித் தம்ளரையே மறுபடி துடைத்தேன்.